குறைந்த மின்னோட்ட வெளியீட்டைக் கொண்டு சிறிய டிசி மோட்டாரை இயக்குவது எப்படி?

நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையான அர்டுயினோவில் எல்இடியை எரியவைக்கக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்துச் செய்ய விரும்புவது பெரும்பாலும் ஒரு சிறிய மோட்டாரைச் சுழலவைப்பதுதான். எல்இடி இருந்த இடத்திலேயே மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் செருகினால் மோட்டார் அசையாமல் கிடக்கும், அல்லது ஒருமுறை துடித்து அடங்கும், அல்லது பலகையே திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். அப்போது நிரலில் பிழை தேடிப் பயனில்லை. பலகையின் வெளியீட்டு முனையால் தர இயலும் மின்னோட்டத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் மோட்டார் கேட்கிறது என்பதே காரணம்.

அர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ஒரு முனைக்கு உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர். நடைமுறையில் 20 மில்லிஆம்பியரைத் தாண்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சில்லின் மின்வழங்கல் கால் வழியாக மொத்தமாக 200 மில்லிஆம்பியருக்கு மேல் செல்லக் கூடாது என்பதால், பல முனைகளை ஒன்றாகக் கட்டிச் சமாளிக்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது. ராஸ்பெர்ரி பை கணினியின் முனை 16 மில்லிஆம்பியருக்கும், பைக்கோ பலகையின் முனை 12 மில்லிஆம்பியருக்கும் மேல் தருவதற்காக அமைக்கப்படவில்லை. சிடி4017 போன்ற 4000 வரிசைச் சில்லுகளோ 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு மில்லிஆம்பியரைத்தான் தரும். என்இ555 சில்லு மட்டும் 200 மில்லிஆம்பியர் வரை தரக்கூடியது. ஆனாலும் அதன் வெளியீட்டில் மோட்டாரை நேரடியாக மாட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்கான காரணம் டையோடு பற்றிய பகுதியில் வருகிறது.

ஆகவே மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்தோ அடாப்டரிலிருந்தோ தனி வழியில் வர வேண்டும். அந்த வழியைத் திறந்து மூடும் வேலையை மட்டும் வெளியீட்டு முனை செய்ய வேண்டும். அந்தத் திறந்து மூடும் உறுப்பு, சிறு மின்னோட்டத்தால் இயங்கும் டிரான்சிஸ்டராகவோ, மின்னழுத்தத்தால் இயங்கும் மாஸ்ஃபெட்டாகவோ இருக்கலாம். எது பொருத்தம் என்பதை நம் விருப்பமோ கையில் இருக்கும் உதிரிபாகமோ முடிவு செய்வதில்லை. மோட்டாரின் ஸ்டால் கரண்ட், அதாவது தண்டு அசையாமல் நிற்கும்போது அது எடுக்கும் மின்னோட்டம் என்ற ஒற்றை எண்தான் முடிவு செய்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் எண் இதுவே என்பதால், சுற்றை அமைப்பதற்கு முன் அதை அளந்துவிடுவோம்.

முதலில் மோட்டாரை அளந்துகொள்ளுங்கள்

சுழலும் மோட்டார் தன் சுருள்களுக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்குகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடி, பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் பாரமின்றிச் சுழலும் மோட்டார் மிகக் குறைவாகவே மின்னோட்டம் எடுக்கிறது. தண்டு அசையாமல் நிற்கும்போது எதிர் மின்னழுத்தம் சுழியமாக இருக்கும். மின்னோட்டத்தைத் தடுக்கச் சுருளின் மின்தடை ஒன்றுதான் மிஞ்சும். மோட்டாரை இயக்கத் தொடங்கும் ஒவ்வொரு கணமும், சக்கரம் எங்காவது சிக்கி நிற்கும் ஒவ்வொரு முறையும், இந்த முழு மின்னோட்டமும் டிரான்சிஸ்டர் வழியாகப் பாயும். கடையில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் பாரமற்ற ஓட்டத்துக்கானது. அதை நம்பி டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுத்தால் அது முதல் சிக்கலிலேயே எரிந்துபோகும்.

ஸ்டால் கரண்டை மல்டிமீட்டரைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, இரண்டு முனைக்கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அப்போது காட்டும் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை என்பதால் பிறகு கழிக்க வேண்டும். எதனுடனும் இணைக்கப்படாத மோட்டாரின் இரு முனைகளிலும் மீட்டரைப் பொருத்தி, தண்டைக் கையால் சிறிது திருப்பி, முற்றிலும் அசையாமல் நிறுத்திய பிறகு படியுங்கள். தண்டு சுழன்றுகொண்டிருக்கும்போது மோட்டாரே மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் மீட்டர் பொருளற்ற எண்களைக் காட்டும். இப்படி ஏழெட்டு நிலைகளில் பார்த்தால் மின்சாரத்தைச் சுருளுக்குக் கடத்தும் பிரஷ்கள், தண்டோடு சுழலும் கம்யூட்டேட்டரில் அமரும் இடத்துக்கேற்ப மதிப்பு மாறுவது தெரியும். நிலையாகக் கிடைக்கும் மிகக் குறைந்த மதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்குத் தரப்போகும் மின்னழுத்தத்தை அந்தத் தடையால் வகுத்தால் ஸ்டால் கரண்ட் கிடைத்துவிடும். சிறிய மோட்டார் ஒன்றில் 16 ஓம் வந்தால், 5 வோல்ட்டில் அது ஏறக்குறைய 310 மில்லிஆம்பியர். ரோபோ வண்டிகளில் மாட்டப்படும் மஞ்சள் நிற பிஓ மோட்டாரில் சில ஓம்களே வரும் என்பதால், அதே 5 வோல்ட்டில் ஸ்டால் கரண்ட் ஒரு ஆம்பியர் அளவுக்குப் போய்விடும். இந்த இரண்டு மோட்டார்களுக்கும் ஒரே சுற்று பொருந்தாது.

300 மில்லிஆம்பியர் அளவிலான மோட்டாருக்கு என்பிஎன் டிரான்சிஸ்டர்

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: பேஸுக்குள் செல்லும் சிறு மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. எல்லோர் கையிலும் இருக்கும் பிசி547 இதற்கு உதவாது. அதன் கலெக்டர் மின்னோட்ட வரம்பு 100 மில்லிஆம்பியர் மட்டுமே. பிசி337 என்ற டிரான்சிஸ்டர் அதே அளவில், அதே உருவத்தில், 800 மில்லிஆம்பியர் வரம்புடன் கிடைக்கிறது. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று அமையும். பிஎன்2222ஏ என்ற டிரான்சிஸ்டரையும் பயன்படுத்தலாம். ஆனால் அதில் எமிட்டர் இடப்பக்கமும் கலெக்டர் வலப்பக்கமும் இருக்கும். பி2என்2222ஏ என்று அச்சிடப்பட்டதில் இந்த வரிசை மீண்டும் தலைகீழாகிவிடும். இரண்டும் ஒரே உருவத்தில், ஒரே விலையில், சில சமயம் ஒரே டப்பாவிலேயே கிடைக்கும். சென்னை ரிட்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளை ஒளியில் சாய்த்துப் படித்து, அந்தப் பாகத்துக்குரிய தரவுத்தாளில் (டேட்டாஷீட்) கால்களின் வரிசையைச் சரிபார்த்துவிடுங்கள். மல்டிமீட்டரின் டையோடு நிலையிலும் சோதிக்கலாம்: சிவப்பு முனையைப் பேஸில் வைத்து மற்ற இரு கால்களையும் கருப்பு முனையால் தொட்டால் இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வரை வரும். அவற்றில் சற்றே கூடுதலாகக் காட்டுவது எமிட்டர்.

இனிப் பேஸ் ரெசிஸ்டரின் கணக்குக்கு வருவோம். டிரான்சிஸ்டரின் பெருக்கம், அதாவது பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் பாயும் என்பது, 200, 300 என்று தரவுத்தாளில் பார்த்துவிட்டு, 300 மில்லிஆம்பியருக்கு ஒன்றரை மில்லிஆம்பியர் பேஸ் மின்னோட்டம் போதும் என்று கணக்கிடுவது தவறு. அந்தப் பெருக்கம் குறைந்த மின்னோட்டத்தில், கலெக்டரில் போதிய மின்னழுத்தம் இருக்கும்போது அளக்கப்பட்டது. நாம் விரும்புவதோ டிரான்சிஸ்டர் முழுவதுமாகத் திறந்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மிகக் குறைந்த மின்னழுத்தமே மிஞ்சும் நிலையை. அந்த நிலைக்குக் கலெக்டர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை பேஸுக்குத் தர வேண்டும். பிசி337இன் தரவுத்தாளே 500 மில்லிஆம்பியர் கலெக்டர் மின்னோட்டத்துக்கு 50 மில்லிஆம்பியர் பேஸ் மின்னோட்டம் தந்துதான் முழுவதும் திறந்த நிலையில் மிஞ்சும் மின்னழுத்தத்தைக் குறிப்பிடுகிறது.

நம் மோட்டாரின் 310 மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு 31 மில்லிஆம்பியர். அதை ஊனோவின் முனையிடம் கேட்கக் கூடாது. இருபதில் ஒரு பங்கு ஏறக்குறைய 16 மில்லிஆம்பியர், அதைக் கேட்கலாம். முனையின் 5 வோல்ட்டில் பேஸ், எமிட்டர் சந்திக்கு 0.7 வோல்ட் போக 4.3 வோல்ட் மிஞ்சும். 4.3 வோல்ட்டை 0.016 ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 270 ஓம். சிவப்பு, ஊதா, பழுப்பு வளையங்கள் கொண்ட கால் வாட் ரெசிஸ்டர் போதுமானது. பைக்கோ, ஈஎஸ்பி32 போன்ற 3.3 வோல்ட் பலகைகளில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.6 வோல்ட்தான் என்பதால் இதே கணக்கை அந்த எண்ணோடு திரும்பப் போட வேண்டும். பைக்கோவில் 10 மில்லிஆம்பியருக்கு மேல் எடுக்காமல் 270 ஓமையே வைத்துக்கொண்டு, 200 மில்லிஆம்பியருக்குள் நிற்கும் மோட்டார்களுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. பேஸில் ரெசிஸ்டரே இல்லாமல் இணைப்பது முனையைக் கிட்டத்தட்டக் கிரவுண்டோடு சேர்த்துக் கட்டுவதற்குச் சமம்.

டையோடு இல்லாமல் இயக்காதீர்கள்

மோட்டாரின் சுருள் ஒரு மின்தூண்டி. அதில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம் திடீரென்று நிற்காது. டிரான்சிஸ்டர் சட்டென்று மூடும்போது, அந்த மின்னோட்டம் தனக்கொரு வழி கிடைக்கும்வரை சுருளின் முனையில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். 5 வோல்ட் சுற்றில்கூட அது டிரான்சிஸ்டரின் தாங்கு வரம்பைத் தாண்டிவிடக்கூடும். பிசி337இன் வரம்பு 45 வோல்ட். சில்லின் வெளியீட்டில் மோட்டாரை நேரடியாக மாட்ட வேண்டாம் என்று என்இ555 பற்றிச் சொன்னதும் இதனால்தான்.

மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டையோடைப் பொருத்தினால் அந்த மின்னோட்டம் டையோடு வழியாகச் சுற்றிவந்து அடங்கிவிடும். 1என்4007 இதற்குப் போதும். ஒரு ஆம்பியர் தாங்கும். வெள்ளி நிற வளையம் உள்ள பக்கம் மின்வழங்கலின் நேர்முனையை நோக்கியும், மற்றப் பக்கம் கலெக்டரை நோக்கியும் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால், டிரான்சிஸ்டர் திறந்த கணமே மின்வழங்கல் டையோடு வழியாகக் குறுக்குச்சுற்றாகி, டிரான்சிஸ்டரோ டையோடோ இரண்டுமோ போய்விடும். டையோடைப் பிரெட்போர்டின் ஏதோ ஒரு மூலையில் வைக்காமல் மோட்டாரின் இணைப்புக்கு அருகிலேயே வையுங்கள்.

இணைக்கும் வரிசை

மின்வழங்கலையும் யூஎஸ்பி ஒயரையும் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிரான்சிஸ்டரைப் பிரெட்போர்டில் அதன் மூன்று கால்களும் மூன்று தனி வரிசைகளில் அமரும்படி செருகுங்கள். எமிட்டரைக் கிரவுண்டு வரிசையுடனும், கலெக்டரை மோட்டாரின் ஓர் ஒயருடனும் இணையுங்கள். மோட்டாரின் மற்ற ஒயர் மோட்டாருக்கான மின்வழங்கலின் நேர்முனைக்குப் போகட்டும். டையோடை முன்சொன்ன திசையில் மோட்டாருக்குக் குறுக்கே வையுங்கள். பேஸிலிருந்து 270 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஊனோவின் 9ஆம் முனைக்கு ஒரு ஒயர் செல்லட்டும்.

இதுவரை சரியாகச் செய்தவர்களும் அடுத்த இணைப்பை மறந்துவிடுவது உண்டு: மோட்டார் மின்வழங்கலின் எதிர்முனையையும் ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் ஒன்றாக இணைக்க வேண்டும். பேஸ் வழியாக நுழைந்த மின்னோட்டம் எமிட்டர் வழியாகப் பலகைக்கே திரும்பிவர ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதை இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் திறக்காது. ஆனால் இரண்டு நேர்முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடாதீர்கள்.

மோட்டாருக்கான மின்வழங்கலாக, ஒரு ஆம்பியருக்குக் குறையாத 5 வோல்ட் அடாப்டர் நன்றாகப் பயன்படும். நான்கு டபுள்ஏ பேட்டரிகளும் போதும். ஆனால் புதிய ஆல்கலைன் பேட்டரிகள் நான்கு சேர்ந்தால் 6 வோல்ட் என்பதால் ஸ்டால் கரண்டையும் 6 வோல்ட்டுக்கே கணக்கிட வேண்டும். சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியைத் தவிர்த்துவிடுங்கள். அதன் உள்தடை மிகுதி என்பதால் மோட்டார் தொடங்கும்போதே மின்னழுத்தம் சரிந்துவிடும்.

9ஆம் முனையை வெளியீடாக அறிவித்து, இரண்டு நொடி ஹை, இரண்டு நொடி லோ என மாற்றும் எளிய நிரலை ஏற்றி, முதலில் பலகைக்கும் பிறகு மோட்டாருக்கும் மின்சாரம் கொடுங்கள்.

மோட்டார் சுழன்றாலும் ஓர் அளவு பாக்கி இருக்கிறது

மோட்டார் சுழல்கிறது என்பதோடு நிறைவடைந்துவிடாதீர்கள். முனையைத் தொடர்ந்து ஹையில் வைத்து, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்; பிறகு தண்டை இரண்டு நொடி மட்டும் விரலால் பிடித்து நிறுத்தியபடி மீண்டும் அளவுங்கள். 0.3 வோல்ட்டை ஒட்டி நின்றால் டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்திருக்கிறது. அதில் வீணாகும் திறன் 0.3 ஆம்பியரை 0.3 வோல்ட்டால் பெருக்கினால் கிடைக்கும் 0.09 வாட்தான். 2 வோல்ட் காட்டினால் அதே 0.3 ஆம்பியரில் 0.6 வாட் வெப்பமாகிறது. பிசி337 தாங்கும் வரம்பே 0.625 வாட். அத்தகைய டிரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியாது. பேஸ் மின்னோட்டம் போதவில்லை, அல்லது கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கின்றன என்பதே இதன் பொருள். இடம் மாறியிருந்தாலும் மோட்டார் மந்தமாகச் சுழலக்கூடும் என்பதால்தான் இந்த அளவு இன்றியமையாததாகிறது.

டிரான்சிஸ்டர் சரியாக இருந்தும் பலகை ரீசெட் ஆனால், பிரஷ்களில் உண்டாகும் தீப்பொறி இரைச்சலையோ, மின்வழங்கலின் சரிவையோ சந்தேகிக்கலாம். 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரை மோட்டாரின் முனைகளிலேயே நேராகச் சால்டர் செய்யுங்கள். மோட்டார் ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். மோட்டார் மின்வழங்கலுக்குக் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை, பட்டைக் கோடுள்ள கால் எதிர்முனையில் இருக்கும்படி இணையுங்கள்.

300 மில்லிஆம்பியர் அளவுக்கு மேல் போனால் மாஸ்ஃபெட்

ஒரு ஆம்பியர் கேட்கும் பிஓ மோட்டாருக்கு டிப்122 போன்ற டார்லிங்டன் டிரான்சிஸ்டரை (ஒரே உறையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் அடுக்கப்பட்டது) பலர் பரிந்துரைப்பார்கள். அதன் பேஸுக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பது உண்மைதான். ஆனால் முழுமையாகத் திறந்த நிலையிலும் அதில் ஒரு வோல்ட் அளவுக்கு இழப்பு உண்டு. 5 வோல்ட் மின்வழங்கலில் ஐந்தில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடும் உறுப்பை, வேறு வழி இருக்கும்போது நான் தேர்ந்தெடுப்பதில்லை.

என்-சேனல் (N-channel) வகை மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட் நிலையான மின்னோட்டம் எதையும் எடுப்பதில்லை. அதற்கு வேண்டியது மின்னழுத்தம். ஆகவே சிடி4017 போன்ற ஒரு மில்லிஆம்பியர் வெளியீடுகூட இதை இயக்கிவிடும். எவ்வளவு மின்னழுத்தத்தில் முழுமையாகத் திறக்கும் என்பதில்தான் கவனம் வேண்டும். ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட் கேட்டில் 10 வோல்ட் எதிர்பார்ப்பது. 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடேறலாம். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறும் ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட்டிலேயே 0.025 ஓம் அளவுக்குத் திறந்துவிடும். ஒரு ஆம்பியரில் அதில் ஏற்படும் இழப்பு 0.025 வோல்ட் மட்டுமே. 3.3 வோல்ட் பலகைகளுக்கு, 2.5 வோல்ட்டிலேயே திறக்கும் ஏஓ3400 பொருத்தமானது. எல்எம்358 போன்ற ஆப்ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) வெளியீட்டிலிருந்து இயக்குபவர்கள், 5 வோல்ட் மின்வழங்கலில் அதன் வெளியீடு ஏறக்குறைய 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எழுத்துள்ள முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் ஐஆர்எல்இசட்44என்னின் கால்கள் இடமிருந்து வலமாகக் கேட், டிரெயின், சோர்ஸ். டிரெயின் கலெக்டரின் இடத்தையும் சோர்ஸ் எமிட்டரின் இடத்தையும் எடுத்துக்கொள்ளும். டையோடு இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் ஸ்டால் கரண்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டினால் அதையும் பெரியதாக மாற்ற வேண்டும். முனைக்கும் கேட்டுக்கும் இடையே 150 ஓம் ரெசிஸ்டரையும், கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டரையும் வையுங்கள். பலகை உயிர்பெறும் முதல் சில கணங்களில் முனைகள் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கும். அப்போது மோட்டார் தானாகச் சுழன்றுவிடாமல் காப்பது இந்த 10 கிலோஓம்தான்.

வேகமும் திசையும்

வேகத்தைக் குறைக்க மோட்டாருடன் ரெசிஸ்டரைத் தொடராக இணைக்க வேண்டாம். மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடி, திறந்திருக்கும் நேரத்தின் அளவால் வேகத்தை மாற்றும் பிடபிள்யூஎம் முறையே போதும். ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய முனைகளில் அனலாக்ரைட் கட்டளை இதைச் செய்யும். அதன் அதிர்வெண் 5, 6 முனைகளில் ஏறக்குறைய 980 ஹெர்ட்ஸ், மற்றவற்றில் 490 ஹெர்ட்ஸ். மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரம் இதனால் எழுவதே. மிகக் குறைந்த மதிப்பில் மோட்டார் சுழலாமல் ரீங்கரித்துக்கொண்டே நின்றால், முதலில் ஒரு கணம் உச்ச மதிப்பான 255 கொடுத்துக் கிளப்பிவிட்டு, பிறகு வேண்டிய மதிப்புக்கு இறக்குங்கள். காதுக்குக் கேட்காத 20 கிலோஹெர்ட்ஸுக்கு அதிர்வெண்ணை உயர்த்தினால், மெதுவாக மூடும் 1என்4007க்குப் பதிலாக 1என்5819 ஷாட்கி டையோடை மாட்டுங்கள்.

திசையையும் மாற்ற வேண்டுமென்றால் ஒரு மாஸ்ஃபெட் போதாது. மோட்டாருக்குள் மின்னோட்டம் பாயும் திசையை மாற்றித் தரும் ஹெச் பிரிட்ஜ் சில்லு வேண்டும். எல்293டி ஒரு சேனலுக்கு 600 மில்லிஆம்பியர் தரும், டையோடுகளும் உள்ளேயே இருக்கும். ஆனால் அந்த மின்னோட்டத்தில் அதன் இழப்பு இரண்டரை வோல்ட்டைத் தொடும் என்பதால், 6 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் போய்ச் சேரும். எல்298என் கூடுதல் மின்னோட்டம் தந்தாலும் இதே குறை அதிலும் உண்டு. மாஸ்ஃபெட்களால் ஆன டிபி6612எஃப்என்ஜி, தொடர்ந்து 1.2 ஆம்பியரும் கணநேரத்துக்கு 3.2 ஆம்பியரும் தருவதால், பிஓ மோட்டார்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் ஸ்டாண்ட்பை என்று குறிக்கப்பட்ட காலைச் சில்லின் விசிசி (மின்வழங்கல்) காலுடன் சேர்த்துவிட வேண்டும். அதை இணைக்காமல் விட்டால் மற்ற இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தாலும் மோட்டார் அசையாது.